வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பல் வலித்தால்

(ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

சென்ற சுவர் இதழில் கண்ணைப் பற்றிக் கட்டுரை வந்தது. இந்த முறை நான் பல்லைப் பற்றி எழுதுகிறேன். பல் தேய்ப்பது எல்லாருக்கும் தெரியும், இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்து அடுத்த தாளுக்குப் போய்விடாதீர்கள். நான் எழுதப்போவது தானாகப் பல் தேய்க்க முடியாத பிள்ளைகளைப் பற்றி. வலித்தால் ‘வலிக்குது’ என்று சொல்லக்கூட முடியாத பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ல் புதிய சட்டம் வந்தது. அதற்கு முன் 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டத்தில் 21 வகை. அதில் மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பார்வையின்மை, காது கேளாமை எல்லாம் வரும். எல்லா வகைக்கும் ஒரே மாதிரிப் பல் பிரச்சினை வராது. எனக்கு நன்றாகத் தெரிந்தது மூளை முடக்குவாதம். ஏனென்றால் என் தம்பிக்கு அதுதான். அவனுக்கு வயது 8. உங்களில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். சக்கர நாற்காலியில் வைத்து அம்மா தள்ளிக்கொண்டு வருவாங்க, நீங்களும் வாசல் மேட்டில் ஒரு கை கொடுப்பீர்கள்.

முதலில் பல்லைப் பற்றி. குழந்தைக்கு ஏறக்குறைய 6 மாதத்தில் முதல் பால் பல் முளைக்கும். மூன்று வயதுக்குள் 20 பற்களும் வந்துவிடும். பெரியவர்களுக்கு 32. “பால் பல்தானே, விழுந்து முளைக்கிறதுதானே” என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். முன் பல் 6, 7 வயதில் விழும், சரி. ஆனால் பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பற்கள் 10, 11, 12 வயது வரைக்கும் இருக்க வேண்டியவை. அதுவரை மெல்லுவதற்கு அதுதான். அதன் அடியில் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டு இருக்கும். மேலே இருப்பது சொத்தையாகிச் சீழ் பிடித்தால் அடியில் இருப்பதையும் பாதிக்கலாம்.

இன்னொரு விஷயம், இதைக் கேட்டு எங்க தெருவில் நிறைய பேர் ஆச்சரியப்பட்டாங்க. 6 வயதில் முளைக்கிற முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் எந்தப் பால் பல்லும் விழாமலேயே வரும். கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் காலியாக இருக்கிற ஈறில் சத்தமில்லாமல் முளைக்கும். ஒரு பல்லும் விழாததால் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது போனால் திரும்ப முளைக்காது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி தங்கை இருந்தால் இன்றைக்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.

சொத்தை எப்படி வருகிறது? வாயில் எப்போதும் கிருமிகள் இருக்கும். நாம் சாப்பிடும் இனிப்பையும் மாவுப்பொருளையும் அவை தின்று அமிலமாக மாற்றும். அந்த அமிலம் எனாமலைக் கரைக்கும். நம் உடம்பிலேயே கெட்டியான பொருள் எனாமல்தான். ஆனால் எலும்பு கூடுவது போல எனாமல் மறுபடி வளராது. ஒரு முறை இனிப்புச் சாப்பிட்டால் சுமார் அரை மணி நேரம் அமிலம் வேலை செய்யும். பிறகு உமிழ்நீர் வந்து சரிசெய்யும். அதனால் எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். பத்து மிட்டாயை ஒரே நேரத்தில் சாப்பிடுவதைவிட, மணிக்கு ஒன்றாகப் பத்து மணி நேரம் சப்புவது பல்லுக்குக் கெடுதல். (இதைப் படித்துவிட்டு யாரும் ஒரே நேரத்தில் பத்து சாப்பிட வேண்டாம்.)

இப்போது என் தம்பி மாதிரிப் பிள்ளைகளின் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாம் சாப்பிட்டால் நாக்கு சுற்றி வந்து கன்னத்தில், பல் இடுக்கில் ஒட்டியதை எல்லாம் வழித்து உள்ளே தள்ளிவிடும். நமக்கே தெரியாமல் செய்கிறோம். அவனுக்கு நாக்கும் உதடும் கன்னமும் சொன்ன பேச்சுக் கேட்காது. மத்தியானம் ஊட்டிய குழைந்த சோறு சாயங்காலம் வரை கன்னத்து ஓரத்திலேயே இருக்கும். கடித்து மெல்ல முடியாததால் கஞ்சி, பிசைந்த சாதம், பாலில் ஊறிய பிஸ்கட் என்று ஒட்டுகிற சாப்பாடாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது. வாயிலிருந்து எச்சில் வழிகிறதே, வாய் கழுவினது மாதிரிதானே என்று ஒருவர் கேட்டார். எச்சில் வெளியே போனால் பல்லுக்கு அதனால் என்ன லாபம்? உமிழ்நீர் வாய்க்குள் இருந்து பல்லை நனைத்தால்தான் காவல்.

அடுத்தது மருந்து. மாத்திரை விழுங்க முடியாத பிள்ளைகளுக்குச் சிரப்தான். கசப்பு தெரியாமல் இருக்கச் சில சிரப்புகளில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். அதை ராத்திரி ஊற்றிவிட்டு அப்படியே தூங்க வைத்தால், தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகத்தான் சுரக்கும் என்பதால், விடியும் வரை பல்லில் இனிப்பு நிற்கும். வலிப்புக்கு ஃபெனிடாயின் என்று ஒரு மருந்து உண்டு. 1938-ல் வலிப்புக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1939-லேயே அதைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறு வீங்கி வளர்ந்து பல்லை மூடுகிறது என்று எழுதிவிட்டார்கள். ஈறு பல்லுக்கு மேலே ஏறினால் பிரஷ் உள்ளே போகாது, அழுக்கு சேரும், சேர்ந்த அழுக்கால் ஈறு இன்னும் வீங்கும். இதைப் படித்துவிட்டு யார் வீட்டிலும் வலிப்பு மருந்தை நிறுத்திவிடக் கூடாது! நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும், பிறகு வாயைத் துடைக்க வேண்டும், ஈறு வளர்வது தெரிந்தால் மருந்து எழுதின டாக்டரிடமே சொல்ல வேண்டும்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். அது நம் ஊர்க்காரர்களின் பாசம். தம்பியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால் “பாவம் புள்ள” என்று ஆளுக்கொரு மிட்டாய். பெட்டிக்கடைத் தாத்தா தேன் மிட்டாய் கொடுப்பார். கோயில் திருவிழாவில் ஜவ்வு மிட்டாய். பஸ்ஸில் முன்பின் தெரியாத அக்கா சாக்லேட் எடுத்து வாயிலேயே வைத்துவிடுவாங்க. அவன் அழுதால் அமைதியாக்கவும் இனிப்பு, கை கொஞ்சம் நீட்டினால் சபாஷ் என்று இனிப்பு. உங்கள் யாருக்காவது அறிமுகம் இல்லாதவர் வாயில் மிட்டாய் வைப்பார்களா? பேச முடியாத பிள்ளை வேண்டாம் என்று சொல்லாது என்பதால்தானே வைக்கிறார்கள்? அவனிடம் பேசுங்கள். அவனுக்கு எல்லாம் புரியும். டி.வி.யில் கிரிக்கெட் ஸ்கோர் சொன்னால் கண்ணை அகலமாக்கிச் சிரிப்பான். மிட்டாய்க்குப் பதில் கடலை கொடுக்கலாமே என்றும் யாரும் முயற்சி செய்ய வேண்டாம், புரையேறிவிடும்.

போன வருடம் தம்பி நாலு நாள் சாப்பிடவில்லை. ஸ்பூனைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வலது கன்னத்தில் கையால் அடித்துக்கொண்டே இருந்தான். திருஷ்டி பட்டிருக்கு என்று பாட்டி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாங்க. பிடிவாதம் என்றார் ஒருவர், வயிற்றுப்பூச்சி என்றார் இன்னொருவர். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர்தான் “வாயைப் பார்த்தீங்களா?” என்று கேட்டு டார்ச் அடித்தாங்க. கீழே வலது பக்கம் இரண்டு பால் கடைவாய்ப்பற்கள் குழி விழுந்து கறுத்திருந்தன. பக்கத்து ஈறில் சீழ்க்கட்டி.

அந்த ஆசிரியர் சொன்னதை எழுதுகிறேன், பேசாத பிள்ளை உள்ள எல்லா வீட்டுக்கும் உதவும். திடீரென்று சாப்பிட மறுப்பது, ஒரே பக்கமாக மெல்லுவது, கன்னத்திலோ தாடையிலோ அடித்துக்கொள்வது, தன் கையையே கடிப்பது, வழக்கத்தைவிட அதிகம் எச்சில் ஒழுகுவது, வாய் நாறுவது, தூங்காமல் சிணுங்குவது. இவற்றில் எது வந்தாலும் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

பல் தேய்த்துவிடுவது எப்படி என்பதுதான் எனக்கு அதிகம் தெரிந்த பகுதி, ஏனென்றால் ராத்திரி வேளை அது என் வேலை. காலையில் அம்மா. குழாயடியில்தான் தேய்க்கணும் என்று இல்லை, பிள்ளைக்கு எங்கே உட்கார வசதியோ அங்கே தேய்க்கலாம். தம்பியை நாற்காலியில் உட்கார வைத்து நான் பின்னால் நிற்பேன். அவன் தலை என் வயிற்றில் சாய்ந்திருக்கும். இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு வலது கையால் தேய்ப்பேன். தலை அண்ணாந்து இருக்கக் கூடாது, முகவாய் கொஞ்சம் கீழே பார்த்தபடி இருக்கணும். அண்ணாந்தால் நுரை தொண்டைக்குள் போய்ப் புரையேறும். விழுங்கச் சிரமப்படும் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்துத் தேய்க்கவே கூடாது.

பிரஷ்ஷின் தலை சின்னதாகவும் நார் மிருதுவாகவும் இருக்க வேண்டும். பேஸ்ட் விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பாம்பு மாதிரி நெளிநெளியாகப் பிழிவார்களே, அது விற்பனைக்கு. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு போதும், மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. துப்பத் தெரியாத பிள்ளைக்கு வயது கூடினாலும் அரிசி அளவுதான். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் எனாமலைக் கெட்டிப்படுத்தும், ஆனால் தினமும் நிறைய விழுங்குவது நல்லதல்ல. தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் நுரையைத் துடைத்து எடுத்துவிடுவேன். சாம்பல், செங்கல்பொடி, கரி எல்லாம் வேண்டாம். பளபளப்பு வரும், கூடவே எனாமலும் தேயும்.

பிரஷ் பட்டதும் அவன் வாய் சட்டென்று இறுகிக் கடித்துக்கொள்ளும். வேண்டுமென்றே கடிப்பதில்லை. சூடான பாத்திரத்தில் பட்ட கை தானாக இழுத்துக்கொள்வதை அனிச்சைச் செயல் என்று படிக்கிறோமே, அது மாதிரி. அப்போது பிரஷ்ஷைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் இன்னும் இறுகும், ஈறும் கிழியும். நான் அப்படியே அசையாமல் நின்று கன்னத்தை மெல்லத் தடவிக் கொடுப்பேன். கொஞ்ச நேரத்தில் தானாக விடுவான். விரலை மட்டும் இரண்டு பல்வரிசைக்கும் நடுவில் வைக்கக் கூடாது. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விரலை விட்டு உதட்டை ஒதுக்கினால் கடி விழாது. வாய் திறந்தே இருக்க வேண்டுமென்றால் சுத்தமான துணியை நனைத்துக் கெட்டியாகச் சுருட்டி ஒரு பக்கக் கடைவாயில் வைத்து, மறுபக்கம் தேய்க்கலாம். நான் பத்து வரை சத்தமாக எண்ணிக்கொண்டே ஒரு பக்கம் தேய்ப்பேன். எப்போது முடியும் என்று தெரிந்தால் அவன் அமைதியாக இருக்கிறான். ஒரே நாளில் எல்லாப் பல்லும் முடியவில்லை என்றால் காலையில் விட்ட இடத்தில் ராத்திரி ஆரம்பிப்போம்.

கை கொஞ்சம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு, தானே தேய்க்க ஆசை இருக்கும். மெல்லிய பிரஷ் கைக்குள் நிற்காது. சைக்கிள் கடையில் பழைய கைப்பிடி ரப்பர் கேட்டு வாங்கி பிரஷ்ஷில் செருகிப் பாருங்கள். சின்ன ரப்பர் பந்தில் துளை போட்டும் செருகலாம். பிள்ளை தேய்த்த பிறகு பெரியவர்கள் ஒரு தடவை தேய்த்துவிட வேண்டும்.

மற்ற பிள்ளைகளைப் பற்றி நான் படித்ததையும் சிறப்பாசிரியரிடம் கேட்டதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பல் தாமதமாக முளைக்கும், சிலருக்குச் சில பற்கள் முளைக்காமலே போகும், ஈறு நோய் சீக்கிரம் வரும். ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு இருக்கும். ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து இருதயத்துக்குப் போகக்கூடும் என்பதால் பல் பிடுங்கும் முன் இருதய விவரத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும். ஆட்டிசம் உள்ள சிலருக்கு பேஸ்ட்டின் காரமும் பிரஷ் குத்துவதும் நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு தெரியும். அடம் என்று திட்டாமல் பேஸ்ட்டே இல்லாமல் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷில் ஆரம்பிக்கலாம், தினமும் ஒரே நேரம், ஒரே இடம், படம் வரைந்து ஒட்டி வரிசையாகக் காட்டலாம். காது கேளாத பிள்ளை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ளும். டாக்டர் முகக்கவசம் போடும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பார்வையில்லாத பிள்ளையின் வாயில் சொல்லாமல் எதையும் வைக்கக் கூடாது.

வலிப்பு வரும்போது பல் கிட்டிக்கொள்ளும் என்று வாயில் கரண்டியைத் திணிப்பது நம் பக்கம் வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். பல் உடைந்து தொண்டைக்குள் போய்விடும். கையில் சாவிக்கொத்துக் கொடுப்பதாலும் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணி வைத்துப் பக்கத்தில் இருந்தால் போதும். 5 நிமிடம் தாண்டினால் 108. கீழே விழுந்து நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று வந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. இது நம் எல்லாருக்கும்தான், கபடி விளையாடுகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பால் பல்லைத் திரும்பப் பொருத்த மாட்டார்கள்.

தம்பியை முதலில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். மாடியில் இருந்தது. அப்பா தூக்கிக்கொண்டு ஏறினார். “இந்த மாதிரிப் பிள்ளை வாயைத் திறக்காது, வேற எங்கயாவது பாத்துக்குங்க” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அம்மா இறங்கும்போது அழுதாங்க. 2016 சட்டம் குறைபாட்டைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. படிக்கட்டிலேயே நின்று சட்டம் பேச யாருக்கும் தெம்பு இல்லை.

பிறகு அரசு மருத்துவமனையில் பார்த்த டாக்டர் அவசரப்படவில்லை. ‘சொல், காட்டு, செய்’ என்று ஒரு முறை இருக்கிறது. 1959-ல் அடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதியது. கண்ணாடியை முதலில் பிள்ளைக்குப் பெயர் சொல்லி, பிறகு அதன் விரல் நகத்தில் வைத்துக் காட்டி, அப்புறம்தான் வாயில் வைப்பார்கள். தம்பி முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்ததோடு சரி, சீழுக்கு மருந்து கொடுத்து அனுப்பினாங்க. இரண்டாவது தடவை அந்த இரண்டு பால் பற்களையும் எடுத்தாங்க. அவற்றுக்குப் பின்னால் இருந்த ஆறு வயதுப் பல்லிலும் பழுப்புப் புள்ளி இருந்தது. அதில் சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைத்தாங்க. துளை போடும் மெஷின் இல்லை, ஊசி இல்லை. சொத்தை பரவுவதை நிறுத்தும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும், சம்மதமா என்று கேட்ட பிறகே வைத்தாங்க. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அசையாமல் உட்கார முடியாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத்தான் தெரியும். கறுப்புப் புள்ளியோடு அந்தப் பல் இப்போது நன்றாக இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு இதுவும் முடியாது, மயக்க மருந்து கொடுத்து எல்லாப் பல் வேலையையும் ஒரே தடவையில் செய்வார்கள்.

செலவுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்திருப்பவர்களுக்காக: 2013 முதல் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்று நடக்கிறது. அதன் மருத்துவக் குழுதான் வருடம் ஒரு முறை நம் பள்ளிக்கும், இரண்டு முறை அங்கன்வாடிக்கும் வேனில் வருவது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள், பட்டியலில் பல் நோயும் இருக்கிறது. இலவசம். மேல் சிகிச்சைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அடையாள அட்டை உள்ள மாற்றுத்திறனாளியும் துணைக்குப் போகும் ஒருவரும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் டிக்கெட் இல்லாமல் போகலாம்.

ஒரு சிக்கல், வேன் வருகிற நாளில் தினமும் பள்ளிக்கு வருகிற நாம் மட்டும் வரிசையில் நிற்கிறோம். பேர் மட்டும் பதிவேட்டில் இருந்து வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு வேன் வந்ததே தெரிவதில்லை. நம் ஊரிலும் பக்கத்துக் காலனியிலும் சேர்த்து அப்படி நாலு பேர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன், தேதி முன்கூட்டியே தெரிந்தால் சொல்வதாகச் சொன்னாங்க. தெரிந்ததும் இதே சுவரில், இந்தத் தாளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்டுகிறேன். அந்த வீடுகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் முதல் நாள் சாயங்காலமே போய்ச் சொல்லிவிடுங்கள். தூக்கி வர ஆள் வேண்டுமென்றால் ஒன்பதாம் வகுப்பில் கேட்கலாம்.